தீர்த்தத்தில் கரைந்த கட்டுரை

என் மகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நம்பினேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு ஜெபிக்க வேண்டியிருக்கிறது.

நான் சூரமங்கலத்தில் இருக்கிறேன். டவுன் பஸ் கண்டக்டர். ஜங்ஷனுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே நாள் முழுக்க "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திவிட்டு வீடு திரும்பும்போது எனக்கே குரல் இருக்காது. நம் கோயில் அன்பியக் குழுவில் வீடு வீடாக ஜெபமாலை சொல்லும்போது சுவரில் சாய்ந்து தூங்கிப்போகிறவன் நான்தான். அந்தக் களைப்பு பழகிவிட்டது. பழகாத களைப்பு ஒன்று பள்ளி திறந்த ஜூனில் வந்தது. ஒன்பதாவது படிக்கும் என் மகள் ரோஸ்லின் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சண்டை எதுவும் இல்லை. "சாப்பிட்டியா சாமி?" என்றால் "ம்". "பள்ளிக்கூடத்துல என்ன விசேஷம்?" என்றால் "ஒண்ணுமில்ல". முன்பின் தெரியாத கூட்டத்தையே பஸ்ஸில் சிரிக்க வைக்கிறவன் நான். சொந்த வீட்டில் ஒரு முழு வாக்கியத்துக்கு ஏங்கினேன். மாதா படத்தின் முன்னால் தினமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: தாயே, என் பிள்ளை என்னோடு பேச வேண்டும். ஜெபமாலை மாதமும் வந்துவிட்டது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து மத்தியானம் படுத்திருந்தேன். பக்கத்து அறையில் ரோஸ்லின் குரல். தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. "ஓர்ரா வெலீம்... ஓர்ரா தூம்..." எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி, கையை உயர்த்தி உறுமிக்கொண்டிருந்தாள். மேசையில் தடித்த புத்தகம். அட்டையில் கொம்பு வைத்த உருவம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தது என் மகள் இல்லை, பேய். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியானால் குற்றம் என்னுடையது இல்லையே!

அலமாரியில் வேளாங்கண்ணித் தீர்த்தம் இருந்தது. இரண்டு சொட்டுத் தெளித்தால் போதும். அவசரமாக மூடியைத் திருகியதில் பாட்டில் முழுவதும் கவிழ்ந்தது. பாதி பேய் மேல், பாதி மேசை மேல். "வெளிய போ!" என்று கத்த நினைத்தேன். தொழில் பழக்கம், "உள்ள போ, உள்ள போ!" என்று வந்துவிட்டது.

பேய் திரும்பியது. தலையில் தண்ணீர் சொட்ட, "ஐயோ அப்பா, என் கட்டுரை!" என்றது.

சமையலறையிலிருந்து என் மனைவி அமலா ஓடி வந்தாள். "ஏனுங்க, உங்களுக்குத்தான் ஏதோ புடிச்சிருக்குது. பள்ளிக்கூடத்துல குடுத்த கட்டுரைங்க அது. ஒரு வாரமா உக்காந்து எழுதுச்சு புள்ள."

அந்தத் தடித்த புத்தகம் ஒரு மாயாஜாலத் தொடர்கதை. அதில் வரும் ஒருவன், முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகத்துக்குள் எப்படி மாறுகிறான் என்று எழுத வேண்டுமாம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமாம். அவன் எடுக்கும் சபதத்தை வகுப்பில் நடித்துக் காட்டவும் வேண்டுமாம். நான் கேட்ட உறுமல், கதையில் இட்டுக்கட்டிய மொழியில் அந்தச் சபதம். மேசையில் மை கரைந்து நீலத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

துணியால் ஒற்றி எடுத்தேன். ஓர் எழுத்தும் தேறவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. ரோஸ்லின் அழுதுகொண்டே சொன்னாள்: "சொல்லுங்க, சொல்லிச் சிரிங்க. நான் எது சொன்னாலும் கேலிதான் பண்ணுவீங்க. நாளைக்கு பஸ்ல வேற போய்ச் சொல்லுவீங்க. அதான் உங்ககிட்ட எதையும் சொல்றதே இல்ல."

தாயே, என் வாயைக் கட்டு என்றேன் மனசுக்குள். என் வாழ்நாளில் அதைவிடச் சின்ன ஜெபம் நான் செய்ததில்லை. கட்டினாள்.

"எழுதுனத எனக்குச் சொல்லு சாமி. சொல்லச் சொல்ல ஞாபகம் வந்துரும்."

"கேள்வி மட்டுந்தான் கேக்கோணும். ஒரு ஜோக் வந்துச்சு, எந்திரிச்சுப் போயிருவேன்."

தரையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். கதையில் வருகிறவன் ஒரு கோட்டைக் காவல்காரன். யாருக்கும் கதவைத் திறக்க மாட்டான்.

"ஏன் தொறக்க மாட்டான்?"

"பயம். ஆனா காவல்னு சொல்லிக்குவான்."

"அப்புறம் எப்படித் தொறந்தான்?"

"வெளிய ஒரு பொண்ணு நின்னு பேசுவாப்பா. மொதல்ல அவளக் கிண்டல் பண்ணுவான். ரெண்டாம் பாகத்துல கிண்டலை நிறுத்திட்டு, கதவுக்குப் பின்னாடி நின்னு கேப்பான். கேட்டுக் கேட்டுத்தான் மாறுவான். ஒரே நாள்ல மாறினா நம்ப முடியாதுன்னு மிஸ் சொன்னாங்க."

நான் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

அன்பானவர்களே, நானும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இப்போதும் வாய் நீள்கிறது. ரோஸ்லின் விரலை உயர்த்துகிறாள், நிறுத்துகிறேன். பஸ்ஸில் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. இதை எழுதவும் அவளிடம் அனுமதி கேட்டேன். "உள்ள போ" என்று கத்தியதை விடாமல் எழுதினால் சரி என்றாள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்தால், அலுத்துப்போன குரலிலாவது மாதாவிடம் கேளுங்கள். எனக்குப் பதில் ஈரத் தலையோடும் கோபத்தோடும் வந்தது. ஆனாலும் வந்தது. அதற்காக மாதாவுக்கு நன்றி சொல்கிறேன்.

பேய் எதுவும் இல்லை. கட்டுரை மறுபடி எழுதப்பட்டு, திங்கட்கிழமை பள்ளிக்குப் போனது. அந்த ஞாயிறு மத்தியானம் தொடங்கி, தெருவிளக்கு எரியும்வரை என் மகள் என்னோடு பேசினாள்.