கண்ணு பட்ட பூனை

போன கோடையில், மயிலாப்பூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் நடந்தது. எங்கள் பூனை திடீரென்று இடது கண்ணை மூடி மூடித் திறந்தது. அது கண்ணடிக்கிறது என்று என் கணவர் முடிவே கட்டிவிட்டார். வீடியோ எடுத்து அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள்.

எனக்குத்தான் உறுத்தல். ஜன்னலோரம் வெயில் காய்வதற்கென்றே பிறந்த ஜென்மம், கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. டியூப்லைட் போட்டால் காலால் முகத்தை மூடிக்கொண்டது. டாக்டரிடம் காட்டலாம் என்றால், தூக்கக் கலக்கம் என்கிறார் மனுஷன்.

மறுநாள் கண்ணில் நீர் வடிந்தது. எதிர்வீட்டு மாமி வந்து பார்த்தார்.

"எல்லாரும் வீடியோ பாத்தாளோன்னோ, கண்ணு பட்டுடுத்து."

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டில் கற்பூரம் ஏற்றி, பூனையின் முகத்துக்கு நேராகவே சுற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த வெளிச்சம் பட்டதும் பூனை அலறி, என் கையைப் பிராண்டிவிட்டு பீரோவுக்குப் பின்னால் பாய்ந்தது. எவ்வளவு திருஷ்டி பார் என்றார் மாமி. கணவரும் தலையாட்டினார். மாமி அதோடு விட்டாரா? தன் கண்புரை ஆபரேஷனில் மிஞ்சிய சொட்டு மருந்தையும் எடுத்து வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. மருந்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, பூனையைக் கூடையில் போட்டு ஆட்டோ பிடித்தேன். கணவரும் தொற்றிக்கொண்டார்.

கால்நடை டாக்டர் கண்ணில் ஏதோ சாயம் விட்டு, விளக்கை அணைத்து, சின்ன நீல டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழியில் ஒரு கோடு பச்சையாக மின்னியது. அந்த நேரத்திலும் என் கணவர், கண்ணு பட்டிருக்கிறதாம் என்று சொல்லி என் மானத்தை வாங்கினார்.

"கண்ணு படல சார். கண்ணுல பட்டிருக்கு."

செடிக் குச்சியோ, இன்னொரு பூனையின் நகமோ கீறியிருக்கலாமாம். அந்தப் புண்ணோடு வெளிச்சத்தைப் பார்த்தால் தாங்கவே முடியாதாம். மாமியின் மருந்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மாதிரி மருந்து சிலவற்றை விட்டால் புண் ஆழமாகிக் கண்ணே போகலாம் என்றார். அவர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டேன்.

கண் பிழைத்தது. கற்பூரம் சுற்றியதால்தான் என்று மாமி இன்றும் சாதிக்கிறார், வாதாடி அலுத்துவிட்டேன். ஆனால் அந்த வீடியோவை மட்டும் என்னால் மறுபடி பார்க்க முடியவில்லை. இப்போதும் யாராவது பூனை அழகாகக் கண்ணடிக்கிறது என்று காட்டினால், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதற்கு எங்கே வலிக்கிறதோ என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.