ஐந்து வட்டங்கள்

வட்டங்கள் மொத்தம் ஐந்து. நடு முதுகில் ஒன்று, வலது விலாவில் இரண்டு, இடது தோள்பட்டையில் ஒன்று, இடது இடுப்பில் ஒன்று. போட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, அரையாண்டு விடுமுறை.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த பெரியப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரிப்பார். கண்ணைவிட விரலைத்தான் நம்புவார். உண்ணி கடித்த புள்ளியோ முள்கம்பி கீறிய கோடோ தட்டுப்பட்டால், வெள்ளி நிறப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம். வெட்டுகிறவர் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார். நல்ல தோலில் வட்டமே இருக்காது. சாப்பாட்டு கேரியர் கொண்டுபோகும்போதெல்லாம் நின்று பார்த்திருக்கிறேன்.

முந்தின வருஷம் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். வேலூரில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தபின் சோறு இறங்கியது. வீட்டில் அதை முடிந்துபோன விஷயமாகவே பேசினார்கள். பிறகு முதுகுவலி வந்தது. நாளெல்லாம் குனிந்து நிமிர்கிற வேலை, வராமல் என்ன செய்யும் என்றார் பெரியம்மா.

ஒரு மத்தியானம், பெரியம்மா தைலம் வாங்கப் போயிருந்தார். பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முதுகில் விழும்படி ஸ்டூலில் உட்கார்ந்து, பென்சிலை என்னிடம் நீட்டினார்.

“பாப்பா, நான் சொல்ற எடத்துல ரவுண்டு போடு. பெரிம்மா வர்றதுக்குள்ள முடிச்சிடணும், இன்னா?”

கண்ணை மூடிக்கொண்டு, கம்பெனியில் செய்வது போலவே தன் மேல் விரலை ஓட்டினார். விரல் நின்ற இடத்தில் நான் வட்டம் போட்டேன். கை எட்டாத நடு முதுகில் என் விரலை ஒவ்வொரு கணுவாக இறங்கச் சொல்லி, “அங்கதான்” என்றார். ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா என்று கேட்டேன். நான்கு முறை தலையாட்டினார். ஐந்தாவது இடுப்பு.

“இங்கயும் வலிக்குதா பெரிப்பா?”

“இன்னும் இல்ல.”

பஸ் வந்துவிட்டதா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

“எத்தினி ஆச்சு?”

“அஞ்சு.”

“ஜாஸ்திதான்,” என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் வேலூரில் ஊசி போட்டு, எலும்பைப் படம் எடுத்தார்கள். படம் வீட்டுக்கு வந்ததும், அதன் இரண்டு முனைகளையும் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார் பெரியப்பா. ஒரே படத்தில் இரண்டு எலும்புக்கூடுகள், ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம். அவருடைய தோள் எப்போதும் இடது பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்த இரண்டு கூடுகளுக்கும் அப்படியே தாழ்ந்திருந்தது.

“இத்தினி வருசமா மேலாப்லதான் பாத்துனு இருந்தேன்,” என்று சிரித்தார். “உள்ளாப்ல இப்டியா இருக்குது!”

நான் சிரிக்கவில்லை. முதுகுப் பக்கம் காட்டிய கூட்டில் கறுப்புப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நடு முதுகில் ஒன்று, விலாவில் இரண்டு, தோள்பட்டையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இரண்டாம் முறை எண்ணியபோதும் அவ்வளவுதான்.

சமையலறையில் அப்பா பெரியம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: “எலும்புக்கு வந்துட்டுதாம் அண்ணி. வலி கொறையக் கரண்ட் வெப்பாங்களாம். கொணமாவாதாம். மாசக் கணக்குலதான் சொல்றாங்க. அண்ணனுக்குத் தெரிய வேணாம்.”

நான் போட்டது உள்ளே இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சில நாளில் அவர் இடது காலைச் சாய்த்து நடக்க ஆரம்பித்தார். வலிக்காமல் இருந்த இடத்திலும் நான்தானே வட்டம் போட்டேன். பென்சிலை அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தேன். அரிசி அளக்கும்போதெல்லாம் அங்கிருந்து ஓடிவிடுவேன்.

கரண்ட் வைத்தபின் வலி குறைந்தது. மல்லாந்து தூங்கினார், குழைத்த ரசம் சோறு சாப்பிட்டார். கோடையில் ஒருநாள் கட்டிலில் இருந்தபடி கூப்பிட்டார்.

“பாப்பா, என் பென்சில் எங்க?”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

“அட லூசு, நீ போட்டா வந்துது? அது இருந்துது, நீ சுத்துன. போ, எட்த்துனு வா.”

அரிசி மாவு ஒட்டிய பென்சிலோடு நின்றேன். அவர் கண்ணை மூடினார். விரல்கள் தோள், கை, நெஞ்சு, விலா, தொடை என்று போய்க்கொண்டே இருந்தன. எங்கேயும் நிற்கவில்லை. இவ்வளவு நேரம் ஒரு தோலை அவர் தடவி நான் பார்த்ததே இல்லை.

“எங்க போடறது பெரிப்பா?”

“வேணாம். இதுக்கு ரவுண்டு போடறதில்ல.”

நான் சமையலறைக்கு ஓடினேன். “பெரிம்மா! இப்ப ஒரு ரவுண்டு கூட இல்ல!”

பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

வட்டம் இல்லாத தோல் இரண்டு வகை. ஒன்று, பழுதே இல்லாதது. மற்றது, எங்கே தொட்டாலும் பழுதாக இருப்பதால் வட்டம் போடாமல் மடித்து ஓரமாக வைத்துவிடுவது. அந்த இரண்டாவது வகை அப்போது எனக்குத் தெரியாது. பென்சிலைப் பாவாடையில் நன்றாகத் துடைத்து, வேலைக்குப் போகும்போது தேடாமல் இருக்கட்டும் என்று, ஆணியில் தொங்கிய அவருடைய கம்பெனிச் சட்டைப் பையில் செருகி வைத்தேன்.