கறுப்புத் தாளுக்குக் கீழே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவைத் தோளில் சுமப்பது நான், லைட் பிடிப்பவள் என் மனைவி. எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். சினிமாக்காரர்கள் சரியில்லை என்றால் இன்னொரு தடவை எடுத்துக்கொள்வார்கள். எனக்காக எந்த மாப்பிள்ளை இரண்டாவது தடவை தாலி கட்டுவான்? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாளே பேட்டரியைப் பத்துத் தடவை சரிபார்ப்பேன்.

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் வந்து, மகள் கல்யாணத்தை சினிமாஸ்கோப்பில் எடுத்துத் தர வேண்டும் என்றார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் மனைவியால் சர்ச்சுக்கு வர முடியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்தன்று மாலையே மலையிறங்குகிறார்கள். அதற்குள் அந்தம்மா மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக் கல்யாணத்தையும் டி.வி.யில் பார்த்துவிட வேண்டும், சர்ச்சிலேயே உட்கார்ந்து பார்ப்பதுபோல அகலமாக. என் கேமரா எடுப்பதோ ஏறக்குறைய சதுரமான படம். அதைச் சொல்லத் தைரியமில்லாமல் தலையாட்டி வைத்தேன்.

டி.வி. இருக்கும் அறையைப் பார்க்கப் போன அன்று அந்தம்மா கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"என் கொலுசத்தான் பொண்ணு போட்டுக்கப் போறா, சாமி. நான் நடக்கலைன்னாலும் அது கோயிலுக்கு நடந்து போவுதில்ல. அத மட்டும் நல்லாப் புடிச்சுக் குடுத்துரு கண்ணு."

சரிங்கம்மா என்றேன். அப்போது மனசெல்லாம் அகலத்தில் இருந்தது.

சேலத்தில் ஒரு தியேட்டர் ஆபரேட்டரைக் கெஞ்சி ஸ்கோப் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்து கேமரா முன்னால் பிடித்துப் பார்த்தேன். ஆட்கள் முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாக விழுந்தார்கள். டி.வி.யின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிப் படத்தின் உயரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த லென்ஸின் கனத்தை வைத்துக்கொண்டு யார் ஒரு மணி நேரம் நிற்பது? அதை வைத்துவிட்டு, கேமராவின் சொந்த லென்ஸ் கண்ணாடியிலேயே மேலும் கீழும் கறுப்பு டேப் ஒட்டினேன். ஓரமெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஜூம் செய்தால் டேப்பையே காணோம். எரிச்சலில் டேப்பைக் கிழித்து எறிந்தபோது மனைவி சொன்னாள்.

"ஏனுங்க, லென்ஸ எதுக்கு மறைக்கறீங்க? நீங்க கண்ணு வெச்சுப் பாக்கற எடத்துல ஒட்டுங்க. தப்பாப் போனாலும் படமாச்சும் முழுசா இருக்கும்."

வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டேன். வ்யூஃபைண்டரின் குட்டித் திரையில் மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவில் தெரிந்த பட்டைக்குள் எல்லாவற்றையும் அடக்கி எடுப்பது என்று முடிவானது. மேலேயும் கீழேயும் என்ன விழுந்தாலும் டி.வி.யின் மேல் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்துவிடலாம்.

கல்யாணத்தன்று அந்தப் பட்டை என்னை மயக்கிவிட்டது. இருபுறமும் ஜனம், நடுவில் அப்பாவின் கையைப் பிடித்து வரும் பெண். தலை முதல் முழங்கால் வரை கச்சிதமாக நிறுத்தி, அவளுக்கு முன்னால் பின்புறமாகவே நடந்தபடி எடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ரைட்டர் வீட்டில் கேசட் ஓட்டும் டெக்கை மாட்டிவிட்டு, டி.வி.யில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள் பெண் வந்தாள். ஜல் ஜல்லென்று கொலுசுச் சத்தம். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தம்மா கேட்ட ஒரே ஒரு விஷயம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

கேசட் ஓட ஆரம்பித்தது. ரைட்டர் சினிமா கணக்கா இருக்குது என்று பூரித்துப் போனார். நான் படத்தைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தேன். அந்தம்மாவின் கண் மகளின் முகத்தில் நிற்காமல் கீழே இறங்கி, கறுப்புத் தாளின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. தாளை எடுத்தால் லைட் ஒயரும் கண்ட குப்பையும் தெரியும், மானம் போகும். அதைவிட, கால் படத்தில் விழாமலே இருந்தால்? மகள் மலையிறங்க இன்னும் இரண்டு மணி நேரம்தான்.

"கொலுசு எங்க கண்ணு?" என்றார் அந்தம்மா.

ஓட்டத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, கீழ்த் தாளைப் பிய்த்தேன். முதலில் ஒயர் தெரிந்தது. பிறகு ஒயரை ஓரமாகத் தள்ளிவிடும் என் மனைவியின் பாதம். அதைத் தாண்டி சிவப்பு விரிப்பில் வெள்ளைப் புடவையின் கரை. பீடத்துப் படியேறப் பெண் புடவையை ஒரு விரற்கடை தூக்கினாள். கொலுசு பளிச்சென்று தெரிந்தது. நான் பார்க்காததைக் கேமரா பார்த்து வைத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொரு தடவை என்றார் அந்தம்மா. படம் திரையில் தெரியும்படியே பின்னுக்கு ஓட்டினேன். கோடு விழுந்த திரையில் கொலுசுக் கால் படியிறங்கி, பின்னால் நடந்து நடந்து சர்ச் வாசலுக்கு வந்தது. முன்னுக்கு ஓட்டக் கை வைத்தேன்.

"வேண்டாம் சாமி, இப்படியே உடு. அவ திரும்பி வர்றாப்பல இருக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே கார் வந்து நிற்கிற வரைக்கும் நான் பின்னுக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.