அவரே போட்டுக்கொள்ள ஒரு சட்டை

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று எனக்கே குழம்பிவிடும். யார் பெயரையும் போடவில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். குலை ஏற்றுகிற லாரி. அதில் ஏறி இறங்கினாலே உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். ஆனால் அவர் அழுக்குச் சட்டையோடு வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. சீட்டுக்குப் பின்னால் இன்னொரு சட்டை தொங்கும். ஆலைக் குழாயிலேயே முகம் கழுவி, மாற்றிக்கொண்டுதான் வருவார். தீபாவளியோ கல்யாணமோ, அவர் துணியை அவர்தான் எடுப்பார். இஸ்திரியும் அவரேதான். நான் போட்டால் கை மடிப்பு இரண்டு கோடாக விழுகிறதாம்.

ஸ்ட்ரோக் வந்து வலது கை போனது. போனது என்றால் அடியோடு இல்லை. விரல் மூடும், திறக்கும். கிளாஸ் பிடிக்கலாம். பட்டன் மாதிரி பொடிச் சாமான் மட்டும் பிடிபடாது. வீட்டில் கைலியும் பனியனும் போதும், இடது கையாலேயே சமாளித்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் சட்டையும் சிலுவாரும், அதாவது பேண்டும், போட வேண்டும்; அன்றைக்குத்தான் கஷ்டம். நான் பட்டன் போட்டு முடிக்கும்வரை அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். நானும் பட்டனைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன்.

இது எங்கள் மகளுக்குத் தெரியாது. அவள் கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். சின்னதை நாங்கள் போனில் பார்த்ததோடு சரி. வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, "கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பாள். இவர் போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஓகே லா" என்பார். நான் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் அவள் ஒரு சேதி சொன்னாள். மாப்பிள்ளை வேலை விஷயமாகச் சிங்கப்பூருக்கு வருகிறாராம். திரும்பும்போது எங்கள் இரண்டு பேரையும் கூடவே கூட்டிக்கொண்டு போவாராம், ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமாம். எனக்கோ கண்ணில் புரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு அப்போதுதான் தேதி கிடைத்திருந்தது. அதை விட்டால் மறுபடியும் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். என்ன செய்வது என்று நான் யோசிக்கிறதற்குள் இவர், "நீ கண்ணப் பாரு. நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்" என்றார். எவ்வளவு ஆசை வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சாயந்தரம் கேட்டேன்.

"சரி, போறீங்க. அங்க சட்டை யாரு மாட்டி விடுறது?"

அவர் இடது கையால் வலது கையைத் தேய்த்துவிட்டார்.

"மவகிட்ட சொல்லிடுவோங்க."

"சொன்னா வரவே வேணாம்பா. இல்லாட்டி லீவு போட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துருவா. பொம்பளப் பிள்ள, அவ வந்து எனக்கு சிலுவார் மாட்டி விடுறதா?"

"மாப்பிள்ளை இருக்காருல்ல..."

"மாப்பிள்ளையா?" குரல் ஏறிவிட்டது. "கல்யாணத்துல தாம்பாளத்துல நிக்க வச்சு அவரு கால நான் கழுவுனேன். இப்ப அவரு குனிஞ்சு எனக்கு ஜிப் போடணுமா? அதுக்கு நான் இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

அவர் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. எங்கள் ஆட்களில் மாமனார் மாப்பிள்ளைக்கு முன்னால் கால் மேல் கால் போட்டுக்கூட உட்காரமாட்டார். பிளேனில் பதின்மூன்று பதினாலு மணி நேரம் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். ஒரு தடவையாவது பாத்ரூம் போகாமல் முடியுமா? ஆக, விஷயம் இதுதான்: இவரே போட்டு இவரே கழற்றுகிற மாதிரி துணி கிடைத்தால் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார். கிடைக்காவிட்டால் இல்லை.

மகளுக்கு இதெல்லாம் தெரியாதல்லவா, அவள் பாட்டுக்குப் போனில் பேசி அனுப்பினாள். "அப்பா, இங்க ஸ்பிரிங். குளிர் விட்டுரும், ஆனா காலைல சில்லுன்னு இருக்கும், மத்தியானம் வெயில் அடிக்கும், நடுவுல மழையும் வரும். தடியா ஒரே கோட்டு வேணாம். உள்ள பனியன், அது மேல சட்டை, அதுக்கு மேல மெலிசா ஒரு ஜாக்கெட். லைட் கலரா எடுங்க. சிலுவார் கறுப்பு வேணாம், காக்கி இல்லாட்டி மங்கலான பச்சை. ஆலையில குடுத்த அந்தப் பழைய ஜாக்கெட்டத் தூக்கிட்டு வந்துறாதீங்கப்பா, பிள்ளைங்க ஸ்கூலுக்கெல்லாம் உங்களக் கூட்டிட்டுப் போகணும். காசு அதிகமாச் செலவு பண்ணாதீங்க." கூடவே ஆம்பிளைப் படங்கள் சிலதும் அனுப்பியிருந்தாள்.

இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இவன் ஏன் சட்டையத் திறந்து போட்டிருக்கான்? வீட்டுல பட்டன் தைக்க ஆளில்லையா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: பனியன் சரி, சட்டை பட்டன், ஜாக்கெட் பட்டன், சிலுவார் பட்டன். குளிர் ஊருக்கு அடுக்கு அடுக்காகப் போட வேண்டும் என்றால் அடுக்குக்கு அடுக்கு பட்டன்தான்.

நாங்கள் இப்போது இருக்கிற ரெங்கத்திலிருந்து பஸ் பிடித்துக் குளுவாங் டவுனுக்குப் போனோம். பெரிய கடை, மேல்மாடி முழுக்க ஆம்பிளைத் துணி. நான் அந்தப் பக்கமெல்லாம் போனவளே இல்லை. தூண் ஓரமாக நின்றுகொண்டேன். ரப்பர் இடுப்பு வைத்த சிலுவார் இருந்தது, எல்லாம் பந்து விளையாடப் போகிற மாதிரி, பக்கத்தில் கோடு போட்டது. ஒன்றை எடுத்துக் காட்டினேன். "இதப் போட்டுட்டு மாப்பிள்ளை பக்கத்துல நின்னேன்னா, இவன் எந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடி வந்தவன்னு கேப்பாங்க" என்றார். அப்புறம் அவராகவே ஒரு வெள்ளைச் சட்டையும் காக்கிச் சிலுவாரும் எடுத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கிற அறைக்குள் போனார்.

ஆம்பிளைகள் அறை. நான் எப்படி உள்ளே போவது? வெளியே நின்றேன். ரொம்ப நேரமாயிற்று. பெல்ட்டு வளையம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. மறுபடியும் விழுந்தது. இரண்டு பேர் துணியோடு வந்து காத்து நின்றார்கள். கடைப்பெண் கதவைத் தட்டி, "அங்கிள், ஓகேயா?" என்றாள். போய் உதவி செய்யடி என்று மனம் அடித்துக்கொண்டது. கால் நகரவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நான் அந்தக் கதவைத் திறந்தால் அவர் மானம் என்னாவது என்றும் இருந்தது.

அவர் வந்தபோது தன் பழைய சட்டையைத்தான் போட்டிருந்தார். பட்டன் போடாமல், வலது கையால் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தார். எடுத்துப் போன துணி உள்ளேயே கிடந்தது. "போலாம்" என்றார். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஆள் இல்லை. அங்கே நிறுத்திப் பட்டன் போட்டுவிட்டேன்.

"மவளுக்குப் போனப் போட்டு வரலன்னு சொல்லிடு" என்றார்.

நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் என் அரைக்கண்ணை வைத்துக்கொண்டு அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து யோசித்தேன். பள்ளிப் பிள்ளைகள் காலில் போடுகிற சப்பாத்தில் சர்ரென்று ஒட்டிப் பிரிகிற பட்டை இருக்கிறதே, அதைப் பக்கத்துத் தையல் சாமான் கடையில் வாங்கி வந்தேன். சட்டையின் பட்டனையெல்லாம் வெட்டி எடுத்தேன். பட்டன் ஓட்டைகளை மூடி, அதன் மேலேயே பட்டனைத் தைத்தேன். பார்க்கிறவர்களுக்குப் பட்டன் போட்ட மாதிரி இருக்கும். உள்பக்கம் ஒட்டுப்பட்டை. அமுக்கினால் மூடிக்கொள்ளும், இழுத்தால் திறந்துகொள்ளும்.

அவரிடம் எதுவும் சொல்லாமல் கட்டிலில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தபோது சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். கழுத்துக்கிட்ட ஒன்று சரியாக ஒட்டவில்லை. "மேல ஒண்ணு சேத்து வையி" என்றார். அவ்வளவுதான். போகிறார் என்று புரிந்துகொண்டேன்.

அப்புறம்தான் பண்டல் கடைக்குப் போனோம். ஜப்பான், கொரியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற பழைய துணிக்கடை. அடுத்தவன் போட்டதா என்று இவர் முகம் சுளித்தார். ஆனால் லேசான குளிருக்கு ஆன துணி நம் ஊரில் அங்கேதான் மலிவாகக் கிடைக்கும். கடைக்கார மலாய் அம்மாவுக்கு என் வயதில் பாதி இருக்கும். நான் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு, மலாயில் மெதுவாக, "பட்டன் இல்லாததா வேணும்" என்றேன். அவள் இவர் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைக் கோடியில் இருந்த திரையைக் காட்டி, "ரெண்டு பேரும் உள்ள போங்க மாக்சிக், யாரும் வரமாட்டாங்க" என்றாள். மலாயில் மாக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி.

அங்கே எடுத்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஒரு சிலுவார், மங்கலான பச்சை. முன்னால் பார்த்தால் சாதாரணச் சிலுவார் மாதிரி தட்டையாக இருக்கும், பின்னால் மட்டும் ரப்பர். ஜிப்பின் நாக்கில் நான் கறுப்பு நூலில் ஒரு வளையம் முடிந்துவிட்டேன், விரலை மாட்டி இழுக்கலாம். ஜாக்கெட் சாம்பல் நிறம், மெலிசு. அதற்கு அமுக்குப் பட்டன், உள்ளங்கையால் தட்டினாலே போதும். கயிறு கட்டாத வெள்ளைச் சப்பாத்து. சட்டை மட்டும் வேறு கடையில் வாங்கிய புதிது, வெளிர் நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. இரண்டையும் நான் மாற்றித் தைத்தேன்.

எல்லாம் போட்டுக்கொண்டு அவர் திரையை விலக்கி வந்ததும் அந்த அம்மா, "அலமாக்! மாக்சிக், இவரத் தனியா அனுப்பாதீங்க, அங்கேயே ஒருத்தியப் பாத்துக்குவாரு" என்றாள்.

"இவ்வளவு நாள் என்ன இவ ஒருத்திதான் தாங்குனா, வேற யாரு வருவா" என்றார் இவர். வெகு நாளைக்கப்புறம் கிண்டலாகப் பேசினார்.

போவதற்கு முன் தினமும் பழகினார். இடது கையால் வலது கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மாட்டிக்கொள்ளும். அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் வெளியே நின்று அந்தச் சர்ர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிளேனில் எல்லாரும் தூங்கும்போது இந்தச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். அதைவிட, என் கண் எட்டாத ஊரில் மறுபடியும் ஸ்ட்ரோக் வந்துவிட்டால்? உண்மையை மறைத்து அனுப்பினவள் நான்தானே. மாப்பிள்ளை வந்து கூட்டிப் போன அன்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போய்ச் சேர்ந்து படம் அனுப்பினார்கள். பூ பூத்த மரத்தடியில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நீலச் சட்டையில் நின்றார். எனக்கு ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். அவர் பக்கத்தில் இல்லை.

"அம்மா, அப்பா சட்டைய யாரு தச்சது?"

"ஏம்மா, என்னாச்சு?" என்றேன்.

"துணி துவைச்சேன்மா. அப்பா சட்டை என் கம்பளிச் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வருது. பிரிச்சுப் பாத்தா உள்ள பூரா ஒட்டுப்பட்டை. பட்டன் எல்லாம் சும்மா. எத்தனை நாளாம்மா இப்படி? ஏம்மா எங்கிட்டச் சொல்லல? நான் யாரோவா?"

என்ன சொல்வது? "நீ வர வேணாம்னு சொல்லிடுவேன்னு பயந்தாருடி" என்றேன்.

அவள், "சொல்லியிருப்பேன்தான்" என்றாள். "நான் பாத்தேன்னு அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க. மாமா மாதிரி டிரஸ் பண்ண ஒருத்தராலயும் முடியாதுன்னு உங்க மாப்பிள்ளை நேத்துத்தான் சொல்லிட்டிருந்தாரு. அப்படியே இருக்கட்டும்."

ஒரு மாதம் முடிந்து வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. பெட்டியைத் திறந்தேன். நான் அனுப்பாத சட்டை ஒன்று இருந்தது. மெலிசாகக் கோடு போட்டது. உள்ளே ஒட்டுப்பட்டை, மேலே பட்டன். கையால் தைத்திருந்தது, ஒரு இடத்தில் பிரித்து மறுபடியும் தைத்த தடம். மகளுக்கு ஊசி பிடிக்கவே வராது, அவள்தான் உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

"மவ வாங்கிக் குடுத்தா" என்றார். "அங்க கடையிலயே இப்படித்தான் விக்கிறாங்களாம். இப்ப இதான் பேஷனாம்."

"அப்படிங்களா" என்றேன்.

அவர் அந்தச் சட்டையை என் கையிலிருந்து வாங்கினார். தையல் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். மடித்து, தன் அலமாரியில் அவரே வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். மகள் கண்டுபிடித்தது அவருக்குத் தெரியும் என்று நான் நினைக்கிறேன். தெரியாது என்றும் சில நாள் நினைக்கிறேன். கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மகள் இப்போதும் வாராவாரம், "கை எப்படிப்பா?" என்று கேட்கிறாள். அவரும், "ஓகே லா" என்கிறார். அந்த நேரத்தில் நான் பாத்திரம் தேய்ப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அவர் இங்கிலாந்து போனது ஏப்ரலா, அதற்கு முந்தின மாதமா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அங்கே வசந்த காலம் எந்த மாதம் தொடங்குகிறது என்றும் தெரியாது. ஜாக்கெட் சாம்பல் நிறம் என்று எழுதியிருக்கிறேன். அப்போது என் கண்ணில் புரை, அதனால் அதுவும் உறுதி இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அவரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.