ஹால் சுவிட்ச்

விபிஎன் என்று எவன் பெயர் வைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும். கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கும் நம் ஆளை அது பாடாய்ப் படுத்திவிட்டது. அப்பாவுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன். வரைபடங்களோ வீட்டுக் கம்ப்யூட்டரில். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே இணையம் வழியாக அதற்குள் நுழைய விபிஎன் என்றொரு வழி இருக்கிறதாம்; அது கிடைத்தால் அப்பா பக்கத்தைவிட்டு நகர வேண்டாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மச்சான் வாடகைக்கு சர்வர் எடுக்கச் சொன்னான். கடைக்காரர் தனியாக ஒரு பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தார். வீடியோவில் ஒருவன் ‘ரொம்ப ஈஸி’ என்று ஆரம்பித்துவிட்டுக் கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டினான். மண்டை காய்ந்துபோய், கடைசியில் வீட்டுக்கு இணையம் தரும் ரவுட்டரிலேயே இருந்த விபிஎன்னைப் பிடித்துக்கொண்டார். அதை இயக்கிவிட்டு, அது கொடுத்த கோப்பை லேப்டாப்பில் ஏற்றினால் முடிந்தது. தெருமுனைக் கடையில் உட்கார்ந்து செல்போன் இணைப்பில் சோதித்தார். வரைபடம் சட்டென்று திறந்தது. “கம்ப்யூட்டரை மட்டும் தொட்டுடாதே” என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஆபரேஷன் அன்று காலை, கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து இன்ஜினியர் போனில் கூப்பிட்டார். “பைப் போற வழியில தூண் நிக்குது சார். மதியம் கான்கிரீட் போடணும், மாத்தி அனுப்புங்க.”

லேப்டாப்பைத் திறந்தார். இணையவில்லை. மறுபடி தட்டினார், மறுபடியும் இல்லை. எரிச்சலோடு மனைவியின் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“நான் கம்ப்யூட்டர் பக்கமே போகலைங்க. ஹால் சுவிட்சை மட்டும் அணைச்சிட்டு வந்தேன்.”

“ரவுட்டர் அதுலதானே இருக்கு?”

“வெளிய போனா ஹால் சுவிட்சை அணைக்கணும்னு இத்தனை வருஷமா என் உயிரை வாங்கினது யாரு?”

அவர்தான். டிவி புகைந்த நாளிலிருந்து வீட்டில் அது அவர் போட்ட சட்டம். மனைவியால் அலுவலகக் கவுண்டரை விட்டு எழுந்திருக்க முடியாது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த தங்கையை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஆபரேஷனுக்குள் திரும்பிவிடலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து பைப்பை நகர்த்தி, வரைபடத்தை அனுப்பி முடித்ததும் தங்கை கூப்பிட்டாள். “அண்ணா, அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. போற வரைக்கும் உன்னைத்தான் கேட்டாரு. டீ குடிக்கப் போயிருக்கே, இப்ப வந்துடுவேன்னு சொன்னேன்.”

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். பஸ் நகர்ந்த பிறகு இன்ஜினியர் மறுபடி கூப்பிட்டார், இன்னும் ஒரு சின்னத் திருத்தமாம். மடியில் லேப்டாப்பைத் திறந்தார். இணையவில்லை. கிளம்பும்போது ஹால் சுவிட்சை அணைத்தது அவர் கைதான்.