சின்னமனூர் வெயிலில் ஒரு மலைச்செடி

மேகமலை எஸ்டேட்டில் ஓய்வு பெற்று, தோட்டத்தில் கொடுத்திருந்த லைன் வீட்டை ஒப்படைத்துவிட்டு, சின்னமனூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் அந்த அக்கா. ஒடிசலான உருவம், தேயிலைக் கறை போகாத விரல்கள். வரும்போது, காற்றில் முறிந்து விழுந்த மரக்கிளை ஒன்றையும் அதில் ஒட்டியிருந்த ஆர்க்கிட் செடியையும் கொண்டுவந்திருந்தார். மலைக்குளிரில் மரத்தில் ஒட்டி வளர்வது அது. வீட்டிலிருந்த ஒரே மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, தான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சித்திரையில் இலைகள் பழுக்கத் தொடங்கின.

"செடிய மலைக்கே கொண்டுபோய் மரத்துல கட்டிட்டு வந்திரவா அக்கா?" என்று கேட்டேன்.

"அங்கன இது இருந்த மரத்தையே வெட்டிப்புட்டாக தம்பி. நாங்க ரெண்டு பேரும் இங்கனதான் பழகிக்கிடணும்."

கடைசி இலையும் விழுந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. வேரு பச்சையாத்தான இருக்கு?"

வேர்கள் காய்ந்து நாராகக் கிடந்தன.

"ஆமாக்கா" என்றேன்.

தலையசைத்தார். நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.