போடியாரின் வலது கை

இபுறாலெவ்வைப் போடியார் வாப்பாவிடமிருந்து பெற்றது ஒன்றே ஒன்று: தேர்தலில் நிற்கும் பழக்கம். போடியார் என்ற பட்டமும் அதற்கு ஆதாரமான வயலும் கைருன்னிஸாவைக் கல்யாணம் முடித்த வகையில் வந்தவை. வயலின் உறுதிப் பத்திரம் அவள் பெயரில். மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிவருவது கல்முனைக் கரையின் வழக்கம், ஆகவே வீடும் அவள் பெயரில். ஆனால் அந்த வயலில் வேலைசெய்த குடும்பங்களின் வாக்கெல்லாம் அவருக்கு.

பிரதேச சபையில் மூன்று தவணை இருந்தார். ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கொட்டாவிக்கு வாய் திறந்ததை வேண்டுமானால் கணக்கில் சேர்க்கலாம். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், முன்வரிசைக் கதிரை. தெருவில் யாராவது "மெம்பர்" என்று கூப்பிட்டால் நெஞ்சு நிமிரும். கதிரை போய்விட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பயம் மனிதருக்கு நிறையவே இருந்தது.

மூன்றாம் தவணையில் ஒருநாள், பிளேன்டீ கொண்டுவருபவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு பிரேரணைக்கு வாக்கெடுப்பு. அந்தக் கையையும் எண்ணிவிட்டார்கள். ஊர்க் குப்பையை மாவடிப்பள்ளி வயலோரம் கொட்டும் பிரேரணை ஒரே வாக்கால் நிறைவேறியது. உடனே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மானம் போகும். போடியார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாரி வெள்ளத்தோடு குப்பை கைருன்னிஸாவின் வயலுக்குள் இறங்கியது. பயிருக்கு நடுவே பொலித்தீன் பைகள்.

"இதுக்கு ஆரு கையத் தூக்கின?" என்று அவள் வயிறெரிந்து கேட்டாள்.

"ஆரோ புத்தி கெட்டவனுகள், புள்ள," என்றார் போடியார். அவர் சொன்ன சில உண்மைகளில் அதுவும் ஒன்று.

அடுத்த தேர்தல் வந்தது. கட்சிக்காரர் முபாறக் வீட்டுக்கு வந்தார்.

"இந்தமுற உங்கட வட்டாரத்துக்குப் பொம்புளயாள்தான் வேணுமாம். உங்கட பொண்டாட்டியப் போடுவமா?"

தன் கதிரை போயிற்று என்று போடியார் பதறினார். பிறகு யோசித்தார். பெயர் அவளுடையதாக இருக்கட்டும், அதிகாரம் தன்னிடம் இருக்கட்டும். வயல் விஷயத்தில் இத்தனை வருடமும் அப்படித்தானே நடந்தது?

"நீ கையெழுத்த மட்டும் போடு புள்ள. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறன்."

"ஓம்," என்றாள் கைருன்னிஸா.

தனக்குக் கேட்டதைவிட மும்முரமாக அவளுக்கு வாக்குக் கேட்டார். வென்றார்கள். மறுநாள் தெருவில் "மெம்பர்!" என்று ஒரு குரல். போடியார் திரும்பினார். கூப்பிட்டது அவளை.

முதல் கூட்டத்துக்குத் துணையாகப் போய்ப் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தார். கைருன்னிஸா எடுத்த எடுப்பிலேயே எழுந்தாள்.

"மாவடிப்பள்ளிக் குப்பைய எடுக்கணும். அதக் கொட்டக் கையத் தூக்கின ஆக்கள் இஞ்ச இரிந்தா எழும்பிச் சொல்லட்டும்."

பழைய உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "எங்கள்ல பாதிப்பேர் எதிர்த்த. உங்கட மாப்பிள்ள போடியார்ட கையாலதான் அது பாஸான."

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். போடியார் துள்ளி எழுந்தார். சபையில் முதன்முதலாகக் கதைக்க வாய் திறந்தார்.

"தவிசாளர் அவர்களே, அது வந்து..."

"பார்வையாளர் கதைக்கேலா. இரிங்க," என்றார் தவிசாளர்.

இருந்தார்.

"பரவாயில்ல தவிசாளர்," என்றாள் கைருன்னிஸா. "அவரோட நான் ஊட்டுக்குப் போய்க் கதைச்சிக்கிறன்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. இந்தக் கூட்டம் முடியவே கூடாது என்று போடியார் மனமுருகி துஆக் கேட்டார்.